தொலைந்ததை மட்டும் திரும்ப எடுங்கள்: இணையத்தளப் பேக்கப்பை மீட்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இணையத்தளம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கணினி படித்தவர்கள் இல்லை. திருவிழாப் படங்களை ஏற்றுகிற கோயில் நிர்வாக சபைச் செயலாளர், பழைய மாணவர் சங்கத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர், மருதமுனையில் கைத்தறிச் சாரனும் சாரியும் இணையத்தில் விற்கிற கடைக்காரர், படுவான்கரையில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மாரின் கூத்துக் கொப்பிகளைப் படம் பிடித்துப் போடுகிற இளைஞர்கள் என்று அந்த வட்டம் விரியும். தளத்தைச் செய்து கொடுத்த தம்பி இப்போது கட்டாரில் இருப்பார், இல்லாவிட்டால் கொழும்பில் வேலையாக இருப்பார். ஒரு நாள் காலையில் பார்த்தால் படமெல்லாம் இருந்த இடத்தில் வெறும் கட்டம். “தம்பி, ஒரு படத்தையும் காணல்ல, என்ன செய்யிற?” என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போகும். தளத்தைத் தன் கணினியில் வைத்து இணையத்தில் காட்டும் ஹொஸ்டிங் நிறுவனம் தந்த பேனலுக்குள், அதாவது தளத்தை நிர்வகிக்கும் திரைக்குள், பலர் முதல் முறையாக நுழைவது அன்றைக்குத்தான்.

அப்படி நுழைகிறவருக்காக எழுதுகிறேன். இதில் முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பேக்கப் (முன்பே எடுத்து வைத்த பிரதி) என்று கண்ணில் பட்டதும் முழுத் தளத்தையும் பழைய நாளுக்குத் திருப்பிவிடாதீர்கள். எது தொலைந்தது என்று முதலில் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுங்கள். பத்துப் படம் காணாமற் போனதற்காக முழு ரிஸ்டோர் (பிரதியிலிருந்து மீட்பது) கொடுத்து, அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளையும் ஓடர்களையும் சேர்த்து இழப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. தொலைந்ததால் வரும் சேதம் சிறியதாகவும், பதற்றத்தில் அழுத்திய பட்டனால் வரும் சேதம் பெரியதாகவும் முடிகிறது.

தளம் என்பது இரண்டு பொருள்

தளம் நடத்துவதற்கான வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் தளம் என்று எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துச் சிறிய தளங்களில் நிறைய அதில்தான் ஓடுகின்றன. அந்தத் தளம் சேவரில், அதாவது ஹொஸ்டிங் நிறுவனத்தின் கணினியில், ஒரே பொருளாக இல்லை. ஒரு பக்கம் கோப்புகள்: படங்கள், பிடிஎப்கள், தளத்தின் தோற்றத்தைத் தருகிற தீம், கூடுதல் வசதிகளைத் தரும் பிளகின்கள், வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகள். மறு பக்கம் டேட்டாபேஸ்: நீங்கள் தட்டச்சு செய்த கட்டுரைகள், பக்கங்கள், கருத்துகள், பயனர்களின் கணக்குகள், கடை என்றால் ஓடர்கள், தளத்தின் அமைப்புகள். ஒரு சாரிக் கடையோடு ஒப்பிட்டால் கோப்புகள்தான் கடையறையும் அலுமாரியும் துணியும். டேட்டாபேஸ் மேசை இலாச்சிக்குள் இருக்கிற கணக்குக் கொப்பி. அலுமாரி உடைந்ததற்காகக் கணக்குக் கொப்பியைப் போன மாதத்துக் கொப்பியால் மாற்ற மாட்டோம்.

எது தொலைந்தது என்பதைத் தளம் காட்டும் அடையாளத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம். எழுத்து அப்படியே இருந்து படம் மட்டும் வரவில்லை என்றால் கோப்பு போயிருக்கிறது. “டேட்டாபேஸ் இணைப்பை ஏற்படுத்துவதில் பிழை” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தால் டேட்டாபேஸில் சிக்கல், அல்லது அதன் கடவுச்சொல்லை வைத்திருக்கும் கோப்பில் சிக்கல். முகப்பு திறந்து, உள்ளே போகும் எல்லா இணைப்பும் 404 (பக்கம் இல்லை) காட்டினால், பெரும்பாலும் எச்டிஅக்ஸஸ் என்ற சிறிய கோப்பு போயிருக்கும். தளம் முழுவதும் 403 (பார்க்க அனுமதி இல்லை) காட்டினால் முதற் பக்கக் கோப்பான இன்டெக்ஸ் இல்லாமல் போயிருக்கலாம், அல்லது கோப்புகளின் அனுமதி மாறியிருக்கலாம். கட்டுரையில் பாதிப் பந்திகளைக் காணவில்லை என்றால் அது டேட்டாபேஸ் விஷயம். கோப்புகளை எத்தனை முறை மீட்டாலும் திரும்ப வராது.

வேர்ட்பிரஸில் நீங்கள் ஏற்றும் படங்கள் போய் உட்காரும் இடத்தைத் தெரிந்துவைத்திருங்கள். பப்ளிக் எச்டிஎம்எல் என்ற போல்டருக்குள் டபிள்யூபி-கொன்டென்ட், அதற்குள் அப்லோட்ஸ், அதற்குள் ஆண்டு, அதற்குள் மாதம். 2023 ஜூனில் ஏற்றிய கூத்துக் கொப்பிப் படம் 2023 என்ற போல்டருக்குள் 06 என்ற போல்டரில் இருக்கும். இந்த ஓர் ஒழுங்கு மீட்பு வேலையைப் பெரிதும் சுருக்கிவிடும், ஏனென்றால் பேக்கப்பில் தேட வேண்டிய இடம் ஒரே ஒரு போல்டராகச் சுருங்குகிறது.

கை வைக்கும் முன்

தொலைந்தது தெரிந்ததும் தளத்தில் புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம், பிளகின்களை அப்டேட் செய்ய வேண்டாம். இப்போது இருக்கிற நிலையை அப்படியே ஒரு பிரதி எடுங்கள். உடைந்த தளத்துக்கு எதற்குப் பேக்கப் என்று தோன்றும். பாதி உடைந்த தளத்தில் மறு பாதி உயிரோடு இருக்கிறது; மீட்கும்போது கை தவறினால் அந்தப் பாதியும் போய்விடும். சிபேனல் என்ற பேனலில் பேக்கப் என்ற பகுதிக்குப் போனால் ஹோம் டிரெக்டரியையும் (உங்கள் கோப்புகள் இருக்கும் போல்டர்) மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸையும் தனித்தனியே டவுன்லோட் செய்யலாம். நேரமில்லாவிட்டால் டேட்டாபேஸை மட்டுமாவது எடுத்துவையுங்கள். சிறிய தளத்தின் டேட்டாபேஸ் சுருக்கிய வடிவில் பெரும்பாலும் சில எம்பிக்குள் அடங்கும், போன் டேட்டாவிலேயே இறங்கிவிடும்.

பேக்கப்பைத் தேடும் முன் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். சிபேனலின் பைல் மேனேஜரில் ஒரு கோப்பை அழித்தால், அழிக்கும்போது வரும் பெட்டியில் “ஸ்கிப் த டிராஷ்” என்பதற்குச் சரி போட்டிருந்தால் தவிர, அது டிராஷ் என்ற மறைவான போல்டருக்குத்தான் போகிறது. மேலே “வியூ டிராஷ்” என்று இருப்பதை அழுத்தி, கோப்பைத் தெரிவுசெய்து, ரிஸ்டோர் கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். இதில் முடிந்துவிட்டால் வேறெதுவும் தேவையில்லை. எப்டிபி (கணினியிலிருந்து நேரே சேவரின் கோப்புகளைக் கையாளும் வழி) மூலம் அழித்ததும் வேர்ட்பிரஸின் உள்ளிருந்து அழித்ததும் இந்தத் தொட்டிக்கு வராது. அவற்றுக்குப் பேக்கப்தான் வழி.

பேனலில் பேக்கப் எங்கே இருக்கிறது

ஒவ்வொரு ஹொஸ்டிங் நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது. 1996இல் வெளிவந்த சிபேனல் இன்றும் பரவலாகக் கிடைப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். வேறு பேனல்களான பிளெஸ்க்கில் பேக்கப் மேனேஜர் என்றும், டிரெக்ட்அட்மினில் கிரியேட்/ரிஸ்டோர் பேக்கப்ஸ் என்றும் இதே வேலைக்கு இடம் உண்டு. பெயர்தான் மாறும்.

சிபேனலுக்குள் மூன்று நான்கு வகையான பேக்கப் கண்ணில் படலாம், புதியவரைக் குழப்புவது இதுதான். முதலாவது, சிபேனலின் சொந்தப் பேக்கப் பகுதி. அதில் முழுக் கணக்கையும் ஒரே கோப்பாக எடுக்கும் “புல் பேக்கப்” உண்டு, துண்டு துண்டாக எடுக்கும் “பார்ஷியல் பேக்கப்” உண்டு. புல் பேக்கப் என்ற பெயரைப் பார்த்து அதையே எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் அந்தக் கோப்பை வாடிக்கையாளராகிய உங்கள் பேனலிலிருந்து நேரே ரிஸ்டோர் செய்ய முடியாது. ஹொஸ்டிங் நிறுவனம்தான் தன் பக்கத்திலிருந்து செய்ய வேண்டும். அவசர நாளில் உங்கள் கையாலேயே திரும்ப ஏற்றக்கூடியது பார்ஷியல் பேக்கப்தான். ஆகவே வழக்கமாக எடுத்துவைக்கும்போது ஹோம் டிரெக்டரி ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று என்று பிரித்தே எடுங்கள். கையில் புல் பேக்கப் மட்டும் இருந்தாலும் மனம் விட வேண்டாம். அதுவும் சுருக்கிய கோப்புத்தான். கணினியில் விரித்தால் உள்ளே ஹோம்டிர் என்ற போல்டரில் கோப்புகளும், மைஎஸ்கியூஎல் என்ற போல்டரில் டேட்டாபேஸும் இருக்கும். வேண்டியதை அதிலிருந்து கையால் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நிறுவனம் தானாகவே நாளாந்தம் எடுத்து வைப்பது. பல நிறுவனங்கள் இதை ஜெட்பேக்கப் என்ற கருவி மூலம் உங்கள் பேனலுக்குள்ளேயே திறந்து விடுகின்றன. ஆரம்பக்காரருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்பது என் எண்ணம். ஹோம் டிரெக்டரி, டேட்டாபேஸ்கள், மின்னஞ்சல் கணக்குகள் என்று தனித்தனியே பிரித்துக் காட்டும். ஹோம் டிரெக்டரியில் ஒரு திகதியைத் தெரிவுசெய்து, உள்ளே நுழைந்து, அந்த 2023க்குள் 06 என்ற போல்டருக்கு மட்டும் சரி போட்டு ரிஸ்டோர் கொடுத்தால், வேறெதையும் தொடாமல் அதை மட்டும் கொண்டுவந்து வைக்கும். வேலை சேவருக்கும் சேவருக்கும் இடையில் நடப்பதால் உங்கள் இணைய வேகமோ டேட்டா அளவோ இதில் குறுக்கே வராது. மூன்று ஜிபி பேக்கப்பைக் களுவாஞ்சிக்குடியில் வீட்டு ரவுட்டரில் இரவு டேட்டா தொடங்கும்வரை காத்திருந்து இறக்கி, பிறகு அதையே திரும்ப ஏற்றும் அவதியை இது மிச்சப்படுத்துகிறது.

ஜெட்பேக்கப் இல்லாத சில இடங்களில் சிபேனலிலேயே “பைல் அண்ட் டிரெக்டரி ரெஸ்டோரேஷன்” என்று ஒன்று இருக்கும். அதிலும் தனிக் கோப்பை மீட்கலாம். வேர்ட்பிரஸை நிறுவப் பயன்படுத்திய சொப்டாகுலஸிலும் பேக்கப் உண்டு. அதை நீங்களோ தளத்தைச் செய்தவரோ முன்பே எடுத்திருக்க வேண்டும் அல்லது தானாக எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

திகதி, அதிலும் நேரம்

பேக்கப் பட்டியலைத் திறந்ததும் எந்தத் திகதியை எடுப்பது? தொலைவதற்குச் சற்று முன்னையது. சொல்ல இலகு, செய்யும்போது இரண்டு இடத்தில் சறுக்கும்.

முதலாவது சேவரின் நேரம். பட்டியலில் காட்டும் நேரம் பெரும்பாலும் நம் நேரமாக இருக்காது, யூடிசி என்ற உலகப் பொது நேரமாகவோ சேவர் இருக்கும் நாட்டின் நேரமாகவோ இருக்கும். இலங்கை நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணி முந்தியது. செவ்வாய்க்கிழமை காலை 7.15க்கு, மட்டக்களப்பில் இருந்துகொண்டு தவறுதலாக ஒரு போல்டரை அழித்துவிட்டீர்கள் என்று வைப்போம். பட்டியலில் “செவ்வாய் 02.00” என்று ஒரு பேக்கப் இருக்கிறது. அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்ததுதானே, நான் அழிக்கும் முன்னையது என்று மனம் சொல்லும். யூடிசியில் 02.00 என்பது நம் நேரம் காலை 7.30. நீங்கள் அழித்துக் கால் மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த பேக்கப் அது. அதற்குள் அந்தப் போல்டர் இருக்காது. திங்கட்கிழமையினுடையதைத்தான் எடுக்க வேண்டும். சேவர் அமெரிக்காவின் கிழக்குக் கரை நேரத்தில் ஓடினால் இன்னும் குழப்பம்: கோடை காலத்தில் நம் செவ்வாய் காலை 7.15 அங்கே திங்கள் இரவு 9.45.

இரண்டாவது சிபேனல் பேக்கப் கோப்பின் பெயர். அதில் அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால், நாள் பின்னால் வரும். 5.8.2024 என்று பெயரில் இருந்தால் நாம் ஓகஸ்ட் 5 என்று வாசிப்போம். அது மே 8. மூன்று மாதம் பழைய பேக்கப்பைப் புதியது என்று நம்பி ஏற்றுவதற்கு இந்த ஒன்று போதும்.

பேக்கப்கள் என்றென்றைக்கும் இருப்பதில்லை. கடைசி ஏழு நாளுடையதை மட்டும் வைத்திருக்கும் நிறுவனம் என்றால், எட்டாம் நாளினுடையது வரும்போது முதலாவது அழிந்துவிடும். திருவிழா முடிந்தால் அடுத்த திருவிழா வரைக்கும் தளத்தைத் திறந்து பார்க்காத சபைகளுக்கு இது பெரிய ஆபத்து. படம் போனது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தால், பட்டியலில் இருக்கும் எல்லாப் பேக்கப்பும் படம் இல்லாத பேக்கப்பாகவே இருக்கும். மாதம் ஒரு முறை தளத்தின் நாலைந்து பழைய பக்கங்களைத் திறந்து பார்ப்பதை யாராவது ஒருவருடைய பொறுப்பாக்கிவிடுங்கள்.

கடைக்காரரின் கணக்குக் கொப்பி

மருதமுனைக் கடையை எடுத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸோடு வூகொமர்ஸ் என்ற கடைப் பிளகின் பூட்டிய தளம். ஞாயிற்றுக்கிழமை பிளகின் ஒன்றை அப்டேட் செய்தபோது இடையில் மின்சாரம் போய், ரவுட்டரும் நின்று, என்ன நடந்தது என்று தெரியாத குழப்பத்தில் யாரோ பைல் மேனேஜரில் சாரிகளின் படப் போல்டரை அழித்துவிட்டார்கள். அது தெரிய வந்தது புதன்கிழமை. ஞாயிறுக்கும் புதனுக்கும் இடையில் கல்முனையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஓடர்கள் வந்திருக்கின்றன, சிலர் காசும் கட்டிவிட்டார்கள்.

இங்கே சனிக்கிழமைப் பேக்கப்பை முழுதாக ரிஸ்டோர் செய்தால் படங்கள் வரும். டேட்டாபேஸும் சனிக்கிழமைக்குப் போகும். ஞாயிறு முதல் வந்த ஓடர் எல்லாம் தளத்திலிருந்து மறைந்துவிடும். காசு கட்டியவரின் விலாசம் தளத்தில் இருக்காது. விற்ற துணியின் இருப்புக் கணக்கு பழைய எண்ணுக்குத் திரும்பி, இல்லாத சாரியை இருப்பதாகக் காட்டும். இந்தக் கடைக்காரருக்கு வேண்டியது ஹோம் டிரெக்டரியில் அப்லோட்ஸ் போல்டர் மட்டும். டேட்டாபேஸ் பக்கமே போகக் கூடாது. ஜெட்பேக்கப் திரையில் “புல் அக்கவுண்ட்” என்று முதலில் நிற்பதைக் கடந்து “ஹோம் டிரெக்டரி”க்குப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

படத்தை யாராவது வேர்ட்பிரஸின் மீடியா பகுதியிலிருந்தே அழித்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். அப்படி அழிக்கும்போது கோப்பும் போகிறது, டேட்டாபேஸில் அந்தப் படத்துக்கான பதிவும் போகிறது. கோப்பை மட்டும் மீட்டால், கட்டுரைக்குள் செருகிய படங்கள் பழையபடி தெரியும், ஏனென்றால் கட்டுரையில் இருப்பது கோப்பின் முகவரி. ஆனால் மீடியா பகுதியில் அது காட்டாது, கட்டுரையின் முகப்புப் படமாக வைத்ததும் பொருளின் படமாக வைத்ததும் வராது. இப்படியான நேரத்தில் சில டசின் படம் என்றால், மீட்ட கோப்புகளைக் கணினிக்கு இறக்கி மீடியா பகுதி வழியாகவே திரும்ப ஏற்றிப் பொருத்துவது, டேட்டாபேஸைத் திருப்புவதைவிடப் பாதுகாப்பானது. நேரம் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் ஓர் ஓடரும் போகாது.

டேட்டாபேஸைத்தான் மீட்க வேண்டும் என்ற நிலை வந்தால், இப்போதையதை ஏற்றுமதி செய்து வைத்துவிட்டே தொடங்குங்கள். பேனலில் இருக்கும் பிஎச்பிமைஅட்மின் என்ற கருவியில் எக்ஸ்போர்ட் என்று உண்டு. ஒரே ஒரு கட்டுரை அழிந்ததற்காக டேட்டாபேஸ் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய டேட்டாபேஸைப் புதிய பெயரில் தனியாக ஏற்றி, கட்டுரைகள் இருக்கும் போஸ்ட்ஸ் என்ற அட்டவணையைத் திறந்து, அந்தக் கட்டுரையின் எழுத்தை மட்டும் எடுத்து, இப்போதைய தளத்தில் ஒட்டலாம். பிஎச்பிமைஅட்மினில் ஏற்றக்கூடிய கோப்பின் அளவுக்கு ஒரு மேல் எல்லை உண்டு, அது திரையிலேயே எழுதியிருக்கும். அதைவிடப் பெரிதாக இருந்தால் பேக்கப் பகுதியின் ரிஸ்டோர் வழியாக ஏற்றப் பார்க்காதீர்கள். அது பெயர் மாற்றாமல் பழைய டேட்டாபேஸின் மேலேயே எழுதிவிடும்.

தளத்தை யாராவது உடைத்து உள்ளே புகுந்திருந்தால், அதாவது ஹேக் ஆகியிருந்தால், தொலைந்ததை மட்டும் எடுங்கள் என்ற என் பேச்சு பொருந்தாது. அங்கே பிரச்சினை தொலைந்த கோப்பில் இல்லை, கூடுதலாக வந்து உட்கார்ந்த கோப்பில் இருக்கிறது. ரிஸ்டோர் பொதுவாக இருக்கும் கோப்புகளின் மேல் பழையதை எழுதுமே தவிர, பேக்கப்பில் இல்லாத புதிய கோப்பை அழிக்காது. ஆகவே கள்ளக் கோப்பு அங்கேயே இருக்கும். பப்ளிக் எச்டிஎம்எல் போல்டரைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்து, வெறும் போல்டரில் சுத்தமான பேக்கப்பை இறக்கி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, பிளகின்களைப் புதுப்பிக்க வேண்டும். புகுந்தவர் எத்தனை நாளாக உள்ளே இருந்தார் என்பது தெரியாதபோது, நேற்றைய பேக்கப்பும் அழுக்காகவே இருக்கக்கூடும். இதற்கு விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவது நல்லது.

மீட்ட பிறகு

மீட்டும் படம் தெரியவில்லையா? முதலில் பிரவுசரின் கேஷ் (தற்காலிகமாகச் சேமித்த பழைய பிரதி), பிறகு தளத்தில் கேஷ் பிளகின் இருந்தால் அதன் கேஷ், இரண்டையும் காலி செய்து பாருங்கள். அடுத்தது அனுமதி எண்கள். பைல் மேனேஜரில் பெர்மிஷன் என்ற நிரலில் போல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்று இருப்பது வழக்கம். கணினியில் விரித்து எப்டிபி வழியாக ஏற்றியவற்றில் இது சில வேளை மாறிவிடும். எச்டிஅக்ஸஸ் கோப்பைத் தேடினால் கண்ணில் படாது, ஏனென்றால் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மறைந்திருக்கும். பைல் மேனேஜரின் செட்டிங்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதற்குச் சரி போடுங்கள். அந்தக் கோப்பு அடியோடு போயிருந்தாலும் வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், பெர்மாலிங்ஸ் என்று போய், எதையும் மாற்றாமல் சேவ் கொடுத்தால் புதிதாக எழுதிக்கொள்ளும்.

மீட்பதற்காக ஏற்றிய சுருக்கிய கோப்பைப் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் விட்டுவிடாதீர்கள். அந்தப் போல்டரில் இருப்பது உலகத்துக்கே திறந்தது. பெயரை ஊகித்த எவரும் அதை இறக்கிக்கொள்ளலாம், உள்ளே டேட்டாபேஸின் கடவுச்சொல் அப்படியே எழுதியிருக்கும்.

பிரதி எங்கே இருக்க வேண்டும்

2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து முற்றாக அழிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் அன்று நின்றன. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த சில வாடிக்கையாளர்கள் தளத்தையும் பேக்கப்பையும் ஒரே இரவில் இழந்தார்கள். ஹொஸ்டிங் நிறுவனம் பேக்கப் எடுக்கிறது என்பதால் நாம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பல நிறுவனங்களின் விதிமுறைகளிலேயே, பேக்கப்புக்கு உத்தரவாதம் இல்லை, வாடிக்கையாளர் தன் பிரதியைத் தானே வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்ட மறந்து கணக்கு நீக்கப்பட்டால் பேக்கப்பும் கூடவே போய்விடும் நிறுவனங்களும் உண்டு.

வீட்டுப் பென்டிரைவில் மட்டும் வைப்பதும் நம் கரையில் போதாது. 1978 நவம்பர் 23இன் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26இன் சுனாமியையும், வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையில் வீட்டுக்குள் ஏறும் வெள்ளத்தையும் கண்ட ஊர்கள் இவை. கையெழுத்துக் கூத்துக் கொப்பிகளைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியதே அந்தப் பயத்தில்தான். மூலக் கொப்பி ஒரு பெட்டியில், அதன் படங்கள் அதே அறையின் கணினியில் என்றால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று கணினித் துறையில் ஒரு கணக்குச் சொல்வார்கள். சேவரில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கூகுள் டிரைவிலோ வெளியூரில் இருக்கும் சங்க உறுப்பினர் ஒருவரிடமோ ஒன்று என்று வைத்தால் அது நிறைவேறிவிடும்.

வைத்தது வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் தேவை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேவரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும், அந்த நேரத்தில் எதுவும் நம்பிக்கையாகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். ஒரு சங்கத்தின் தளத்துக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். வேண்டாத ஒரு சோதனைப் படத்தை ஏற்றி, அடுத்த நாள் பேக்கப் எடுபட்ட பின் அழித்து, அதைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பதற்றம் இல்லாத நாளில் ஒரு முறை செய்தால், எந்தத் திரையில் எந்தப் பட்டன் என்பது கைக்குப் பழகிவிடும்.

உங்களால் முடியாதபோது

பேனலில் எந்தப் பேக்கப்பும் தெரியாவிட்டாலும் நிறுவனத்திடம் இருக்கலாம். உதவிப் பிரிவுக்கு எழுதும்போது “என் தளம் போய்விட்டது, மீட்டுத் தாருங்கள்” என்று மட்டும் எழுதினால் முழுக் கணக்கையும் திருப்பிவிடும் வாய்ப்பு உண்டு. இப்படி எழுதலாம்:

“எங்கள் டொமைன் இது. பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் டபிள்யூபி-கொன்டென்ட், அப்லோட்ஸ், 2023, 06 என்ற போல்டர் மட்டும் அழிந்துவிட்டது. அழிந்தது செவ்வாய் இலங்கை நேரம் காலை 7.15, யூடிசி 01.45. அதற்கு முன்னைய பேக்கப்பிலிருந்து இந்தப் போல்டரை மட்டும் மீட்டுத் தாருங்கள். டேட்டாபேஸையும் மின்னஞ்சலையும் தொட வேண்டாம். கட்டணம் இருந்தால் வேலை தொடங்கும் முன் தெரிவிக்கவும்.”

நிறுவனம் வெளிநாட்டில் என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுத யாரையாவது கேளுங்கள். பாடசாலை ஆங்கில டீச்சரோ கொமினிகேஷன் கடையில் இருக்கும் தம்பியோ ஐந்து நிமிடத்தில் எழுதித் தருவார்கள். பதில் வரும்வரை தளத்துக்குள் யாரும் எதுவும் செய்யாமல் இருக்கட்டும்.

பேக்கப்பே இல்லை என்று பதில் வந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் சேவை அது. உங்கள் தளத்தை அது எப்போதாவது பார்த்திருந்தால் அந்த நாளின் பக்கங்கள், எழுத்தும் சில படங்களுமாகக் கிடைக்கும். டேட்டாபேஸ் கிடைக்காது, பக்கம் பக்கமாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். கூகுளின் கேஷில் பழைய பக்கத்தைப் பார்க்கும் வழி முன்பு இருந்தது, 2024இல் அதை நிறுத்திவிட்டார்கள். படங்களுக்கு, அவற்றை எடுத்தவரின் போனையும் கூகுள் போட்டோஸையும் முதலில் கேளுங்கள், வட்ஸ்அப் குழுக்களைக் கடைசியாகக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கியிருக்கும். முகம் தெரிந்தால் போதும் என்ற திருவிழாப் படத்துக்கு அது சரி; கூத்துக் கொப்பியின் மங்கிய மை எழுத்தை அதில் வாசிக்க முடியாது, அண்ணாவியாரின் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் படம் பிடிக்க வேண்டியதுதான்.